உத்ரா கொலை வழக்கு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் குழுக் கூட்டங்களில் சட்டம் பேசப் போனால், எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் கடைசியில் பேச்சு உத்ராவிடம் வந்து நிற்கிறது. செங்கோட்டையில் இருந்து ஆரியங்காவு தாண்டினால் புனலூர், அப்புறம் அஞ்சல். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது பக்கத்து ஊர்ச் சாவு. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். சட்டப் பிரிவு எண்கள் எல்லாம் வழக்கு நடந்த காலத்தில் இருந்த பழைய சட்டங்களின்படி.

உத்ரா வழக்கு, உத்ரா வழக்குன்னு சொல்றீங்களே, அது என்னங்க?

கேரளத்தில் கொல்லம் மாவட்டம் அஞ்சலைச் சேர்ந்த 25 வயதுப் பெண் உத்ரா. 2018-இல் அடூர் அருகே பறக்கோட்டைச் சேர்ந்த சூரஜ் என்பவரோடு திருமணம் நடந்தது. ஒரு ஆண் குழந்தை. 2020 மார்ச் 2-ஆம் தேதி இரவு கணவர் வீட்டில் உத்ராவைக் கண்ணாடி விரியன் கடித்தது. ஐம்பது நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து, காலில் தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை எல்லாம் முடிந்து, ஏப்ரல் கடைசியில் தாய் வீட்டுக்கு வந்தார். மே 7 காலையில் அந்த வீட்டுப் படுக்கையிலேயே இறந்து கிடந்தார். இந்த முறை கடித்தது நல்ல பாம்பு.

இரண்டு பாம்புகளையும் பணம் கொடுத்து வாங்கி வந்து கடிக்க வைத்தது கணவர்தான் என்று போலீஸ் கண்டுபிடித்தது. மே 24-இல் கைது. 2021 அக்டோபர் 11-இல் கொல்லம் கூடுதல் செஷன்ஸ் நீதிபதி எம். மனோஜ், சூரஜ் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார். 13-ஆம் தேதி இரட்டை ஆயுள் தண்டனை அறிவிக்கப்பட்டது.

ஏற்கெனவே அவ்வளவு நகை வாங்கியாச்சே, இன்னும் என்ன பணத்துக்காகக் கொல்லணும்?

நூறு பவுனை ஒட்டிய நகை, கார், ரொக்கம். அது போக மாதா மாதம் பெண் வீட்டில் இருந்து செலவுக்குப் பணம். உத்ராவுக்குக் கற்றலில் கொஞ்சம் சிரமம் உண்டு. மகள் நன்றாக இருக்க வேண்டும் என்று பெற்றோர் அள்ளிக் கொடுத்தார்கள். அந்தப் பாசத்தையே வருமானமாகப் பார்த்ததுதான் இந்த வழக்கின் வேர்.

அரசுத் தரப்பு சொன்ன நோக்கம் இது: மனைவி வேண்டாம், மனைவியோடு வந்தது மட்டும் வேண்டும். நகையில் ஒரு பகுதி பிறகு கணவர் வீட்டு ரப்பர் தோட்டத்தில் மண்ணுக்குள் இருந்து தோண்டி எடுக்கப்பட்டது.

பிடிக்கலைன்னா விவாகரத்து வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே?

கோர்ட்டில் போய் விவாகரத்து கேட்டால் நகையையும் பணத்தையும் திருப்பித் தர வேண்டி வரும், ஜீவனாம்சம் வேறு. விபத்து மாதிரி ஒரு சாவு வந்தால் எதையும் திருப்ப வேண்டாம், அனுதாபமும் கிடைக்கும். இந்தக் கணக்கைத்தான் அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் எடுத்து வைத்தார்கள். இப்படி ஒரு கணக்கு போட முடியும் என்பதையே நம்ப மறுக்கிற நல்ல மனிதர்கள் நிறைய. அதனால்தான் இந்தக் கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வருகிறது.

கடிச்சது பாம்பு. அதுக்கு மனுஷன் எப்படிங்க பொறுப்பு?

அரிவாள் தானாக வெட்டுவதில்லை, எடுத்து வீசிய கைதான் பொறுப்பு. சாகடிக்கும் எண்ணத்தோடு பாம்பைப் பிடித்துக் கடிக்க வைத்தால் அங்கே பாம்புதான் ஆயுதம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான 302-ஆம் பிரிவு எந்த ஆயுதம் என்று பட்டியல் போடவில்லை.

சூரஜ் மீது நான்கு குற்றங்கள் நிரூபணம் ஆயின. நல்ல பாம்புக் கடி கொலை, 302. விரியன் கடி கொலை முயற்சி, 307. மயக்க மருந்து கொடுத்தது 328. தடயத்தை மறைத்தது 201. பாம்புகள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் வனத்துறை தனியாக வழக்குப் போட்டது.

பாம்பு தானா வீட்டுக்குள்ள வந்திருக்காதுன்னு எப்படி அடிச்சுச் சொல்றாங்க?

எனக்குத் தெரிந்து ஒரு காயத்தை இவ்வளவு பொறுமையாகப் படித்த வழக்கு நம் நாட்டில் குறைவு. நல்ல பாம்பு கடித்தால் இரண்டு நச்சுப்பல் பதிந்த இரண்டு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தார்கள். உத்ராவின் இடது கையில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இரண்டு கடிகள். ஒன்றில் புள்ளிகளுக்கு நடுவே 2.3 செ.மீ., இன்னொன்றில் 2.8 செ.மீ. அதே அளவுள்ள நல்ல பாம்பு தானாகக் கடித்தால் 1.7 அல்லது 1.8 செ.மீ.தான் வரும். அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை கூடியிருக்கிறது. எப்படிக் கூடியது?

அதைப் பார்க்க, குளத்துப்புழை அருகே அரிப்பாவில் உள்ள வனத்துறைப் பயிற்சி நிலையத்தில் ஒரு கட்டில் போட்டார்கள். கட்டிலில் ஒரு பொம்மை. உயிருள்ள நல்ல பாம்பை அதன் மேல் போட்டார்கள். பாம்பு கடிக்கவில்லை, நழுவிப் போகத்தான் பார்த்தது. பிறகு பொம்மையின் கையில் கோழி இறைச்சியைக் கட்டி, அந்தக் கையால் பாம்பைச் சீண்டி, கடிக்க வைத்து அளந்தார்கள். கடைசியாகப் பாம்பின் தலையைப் பிடித்து அழுத்திக் கடிக்க வைத்தார்கள். தலையை அழுத்தினால் தாடை அகலும், பற்களும் விலகும். அப்போதுதான் புள்ளிகளின் இடைவெளி 2 செ.மீ.யைத் தாண்டியது. உத்ராவின் கையில் இருந்த கடிக்குப் பின்னால் ஒரு மனிதக் கை இருந்தது என்பதற்கு அந்தச் சில மில்லிமீட்டர்தான் சாட்சி.

அறையும் பேசியது. ஏ.சி. போட்ட அறை, கதவு சாத்தியிருந்தது. நல்ல பாம்பு தன் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத்தான் எழும்பும். இந்தப் பாம்பு 152 செ.மீ. ஆக, அரை மீட்டர். அதைவிட உயரமான ஜன்னலில் வழவழப்பான சுவர் வழியாக ஏறி வந்திருக்காது என்று பாம்பு வல்லுநர்கள் சாட்சி சொன்னார்கள்.

பாம்பு கடிச்சா அலறி எழுந்திருப்பாங்களே? அந்தப் பொண்ணு ஏன் சத்தம் போடலை?

சரியான கேள்வி. விசாரணை அதிகாரிகளும் இதையேதான் கேட்டார்கள். நல்ல பாம்புக் கடி கடுமையாக வலிக்கும். அதுவும் ஒன்றுக்கு இரண்டு கடி. மார்ச்சில் விரியன் கடித்தபோது உத்ரா வலியில் துடித்தவர்தான். மே மாதம் மட்டும் எப்படி அசையாமல் கிடந்தார்?

உடற்கூறு ரசாயனப் பரிசோதனையில் நல்ல பாம்பின் நஞ்சோடு செடிரிசின் இருந்ததும் தெரிந்தது. அது அலர்ஜிக்குக் கொடுக்கும் மாத்திரை, தூக்கத்தைக் கொண்டுவரும். ஜூஸில் கலந்து கொடுத்தார் என்பது அரசுத் தரப்பு வாதம், 328-ஆம் பிரிவு அதற்காகத்தான். காலில் ஆறாத புண்ணோடு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று நிம்மதியாகப் படுத்த பெண். கணவர் நீட்டிய டம்ளரை எதற்குச் சந்தேகப்படப் போகிறார்? இந்த வழக்கில் எனக்கு இன்னும் தாங்க முடியாத இடம் அதுதான்.

செத்த பாம்பை எதுக்குங்க தோண்டி எடுத்தாங்க?

அன்று காலை அறையில் இருந்த பாம்பை வீட்டார் அடித்துப் புதைத்துவிட்டார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பிறகு அதைத் தோண்டி எடுத்து, மனிதருக்குச் செய்கிற மாதிரியே பிரேதப் பரிசோதனை செய்தார்கள். கடித்தது எந்த இனம் என்பது டி.என்.ஏ. மூலம் உறுதியானது, நீளம் தெரிந்தது. வயிறு காலியாக இருந்தது. பல நாள் இரை இல்லாமல் அடைபட்டுக் கிடந்த பாம்பு என்பதற்கு அதுவே அடையாளம். ஏப்ரல் 24-இல் வாங்கிப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டோடு அது அப்படியே பொருந்தியது.

யாரும் கண்ணால பார்க்கலையே. சாட்சி இல்லாம எப்படித் தண்டனை கொடுக்க முடியும்?

முதலில், சாட்சி இல்லை என்பது தவறு. 87 பேர் சாட்சி சொன்னார்கள், 288 ஆவணங்கள், 40 சான்றுப் பொருள்கள். கொலையை நேரில் பார்த்தவர்தான் இல்லை. வீட்டுக்குள் நடக்கும் கொலைகளில் பெரும்பாலும் அப்படி ஒருவர் இருக்க மாட்டார். அந்த மாதிரி வழக்குகளைச் சந்தர்ப்ப சாட்சியங்களை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.

அதற்கு அளவுகோல் கடுமையானது. 1984-இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து நிபந்தனைகள் வைத்தது. சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியே நிரூபணமாக வேண்டும், எல்லாம் சங்கிலியாகக் கோக்கப்பட வேண்டும், அந்தச் சங்கிலி குற்றம் சாட்டப்பட்டவரைத் தவிர வேறு யாரையும் காட்டக் கூடாது. அதுவும் மனைவி மர்மமாக இறந்த வழக்குதான். அதில் கணவரை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அதுதான் நடக்கும்.

உத்ரா வழக்கில் கண்ணிகளை எண்ணிப் பாருங்கள். பாம்புக்காரரோடு போன் பேச்சு, செல்போனில் பாம்பு பற்றித் தேடிய பதிவுகள், பாம்பு வாங்கியது, மாத்திரை, மேலே சொன்ன பல் அளவு, காலி வயிறு, சாத்திய அறை. இன்னொன்றும் உண்டு. இரவு அந்த அறையில் கூட இருந்தவர் கணவர். தனக்கு மட்டுமே தெரியக்கூடிய விஷயத்தை அவர்தான் விளக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டம் 106-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஒன்று, அரசுத் தரப்பு முதலில் தன் பங்கை நிரூபித்த பிறகுதான் அந்தப் பொறுப்பு அவர் தலையில் ஏறும்.

பாம்பு வித்தவனும் குற்றவாளிதானே, அவனை மட்டும் ஏன் விட்டாங்க?

அவர் அப்ரூவர் ஆனார். குற்றத்தில் தொடர்புள்ள ஒருவர் தெரிந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொல்ல ஒப்புக்கொண்டால், நீதிமன்றம் மன்னிப்புக் கொடுத்துச் சாட்சியாக ஏற்கலாம். பாம்பு கை மாறியதைச் சொல்ல அவரை விட்டால் ஆள் இல்லை. சங்கிலியின் முதல் கண்ணியே அவர்தான்.

அப்ரூவர் சொல்வதை நீதிமன்றம் அப்படியே எடுத்துக்கொள்ளாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொல்லவும் வாய்ப்பிருப்பதால், மற்ற ஆதாரம் அதற்கு ஒத்துப் போகிறதா என்று பார்க்கும். இங்கே போன் பதிவுகள் ஒத்துப் போயின. காசுக்கு நஞ்சுப் பாம்பு விற்றவர் மேல் மக்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான், எனக்கும் உண்டு. ஆனால் அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் வழக்கு நின்றிருக்குமா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

டிவியிலயே 'நான்தான் செஞ்சேன்'னு சொன்னானே, அப்புறம் ஒரு வருஷம் எதுக்கு விசாரணை?

2020 ஜூலையில் தடயம் எடுக்க அழைத்து வந்தபோது சூரஜ் கேமராக்கள் முன்னால் அப்படிச் சொன்னது உண்மை. விசாரணையில் மறுத்தார். போலீஸிடம் சொல்லும் ஒப்புதலோ, போலீஸ் காவலில் இருக்கும்போது மற்றவரிடம் சொல்லும் ஒப்புதலோ சாட்சியாகாது. நீதித்துறை நடுவர் முன்னிலையில் சொன்னால்தான் கணக்கு. அடித்துச் சொல்ல வைத்துவிடுவார்கள் என்ற பயத்தால் வைத்த விதி இது. நிரபராதி ஒருவர் மாட்டிக்கொள்ளும் நாளில் அதன் அருமை தெரியும்.

ஒரு விலக்கு உண்டு. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு ஒட்டிய பேச்சு மட்டும் செல்லும். பாம்பு கொண்டுவந்த பிளாஸ்டிக் டப்பா அப்படிக் கிடைத்ததுதான். ஆக, டிவியில் சொன்னதை அடியோடு மறந்துவிட்டாலும் முந்தைய பதில்களில் பார்த்த சங்கிலி அறுபடவில்லை.

இதை வரதட்சணைச் சாவுன்னு போடாம கொலைன்னு ஏன் போட்டாங்க?

வரதட்சணைச் சாவு, 304-பி, திருமணமாகி ஏழு வருடத்துக்குள் மனைவி இயற்கைக்கு மாறாக இறந்து, அதற்குச் சற்று முன்பு வரதட்சணைக் கொடுமை நடந்திருந்தால் வரும். யார் கொன்றார் என்று தெரியாவிட்டாலும் கணவர் வீட்டாரைப் பொறுப்பாக்க வந்த பிரிவு அது. குறைந்தது ஏழு வருடம், அதிகபட்சம் ஆயுள். கணவரே கையால் கொன்றார் என்று நிரூபிக்க ஆதாரம் இருக்கும்போது 302 தான் நேர் வழி. வரதட்சணைக் கொடுமைக்கு அந்தக் குடும்பத்தின் மேல் தனி வழக்கு போடப்பட்டது.

இப்படி இதுக்கு முன்னாடி யாராவது செஞ்சிருக்காங்களா?

புனேயிலும் நாக்பூரிலும் பாம்பை வைத்துக் கொன்றதாக நடந்த வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள். அரிப்பாவில் அத்தனை பாடுபட்டதற்கு அதுவும் காரணம். ராஜஸ்தானில் மாமியாரைப் பாம்பு கடிக்க வைத்துக் கொன்றதாக ஒரு வழக்கு உண்டு. அதில் ஜாமீன் கேட்டு வந்தபோது, 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா தலைமையிலான அமர்வு, இது ஒரு புதுப் போக்காகவே ஆகிவிட்டது என்று கவலைப்பட்டு ஜாமீனை மறுத்தது. உத்ரா தீர்ப்பு வந்தது அதற்கு அடுத்த வாரம்.

இவ்வளவு கொடூரத்துக்குத் தூக்கு ஏன் இல்லை?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி. உத்ராவின் வீட்டாருக்கும் இதில் வருத்தம்தான். 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே தூக்கு என்றது. குற்றத்தின் கொடூரத்தோடு குற்றவாளியின் நிலையையும் பார்க்க வேண்டும். இது கொடூரமான குற்றம் என்று சொன்ன நீதிபதி, சூரஜின் வயது முப்பதுக்குக் கீழ் என்பதையும் முன் குற்றம் எதுவும் இல்லை என்பதையும் கணக்கில் எடுத்தார்.

இரட்டை ஆயுள்னா 14-ம் 14-ம் 28 வருஷமா?

இல்லை. ஆயுள் என்றால் சட்டப்படி உயிர் உள்ள வரை. 14 வருடம் என்பது, கொலை போன்ற குற்றத்தில் ஆயுள் பெற்றவரை அரசு முன்கூட்டி விடுவிக்க நினைத்தால்கூட அதற்கு முன் முடியாது என்ற எல்லை. அது முடிந்தால் விடுதலை உரிமை என்று அர்த்தம் கிடையாது.

ஒரு மனிதருக்கு உயிர் ஒன்றுதான் என்பதால், இரண்டு ஆயுளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது. நம் தமிழ்நாட்டில் இருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாக்கியது. ஆனால் வருடக் கணக்குள்ள தண்டனையை முதலில் முடித்து, பிறகு ஆயுளைத் தொடங்கச் சொல்லலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. சூரஜுக்கு நடந்தது இதுதான்: மயக்க மருந்துக்கு 10 வருடம், தடயம் மறைத்ததற்கு 7 வருடம், ஆக 17 வருடம் முதலில். அதன் பிறகு ஆயுள் தொடங்கும்.

புருஷன்தானே வாரிசு? கொன்னவனுக்கே சொத்து போயிடுமா?

போகாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 25-ஆம் பிரிவு, கொலை செய்தவர் கொல்லப்பட்டவரின் சொத்தைப் பெறும் தகுதியை இழக்கிறார் என்று சொல்கிறது. வரதட்சணைத் தடுப்புச் சட்டம் 6-ஆம் பிரிவு இன்னும் தெளிவு. கல்யாணத்துக்காகக் கொடுத்தது யார் கையில் இருந்தாலும் அது பெண்ணுக்குச் சேர வேண்டியது. ஏழு வருடத்துக்குள் அவர் இயற்கைக்கு மாறாக இறந்தால் பிள்ளைகளுக்குப் போகும், பிள்ளை இல்லாவிட்டால் பெற்றோருக்கு. மகன் இப்போது வளர்வது உத்ராவின் பெற்றோரிடம்.

இப்ப சட்டமே மாறிடுச்சே, இந்தத் தீர்ப்பு செல்லுமா?

செல்லும். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். இன்று இதே குற்றம் நடந்தால் எண்கள் மட்டும் வேறு: கொலை பாரதிய நியாய சன்ஹிதாவில் 103, கொலை முயற்சி 109, வரதட்சணைச் சாவு 80.

முதல் தடவை கடிச்சப்பவே யாருக்கும் சந்தேகம் வரலையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குரலில் பெற்றோர் மேல் ஒரு குறை இருக்கும். அது வேண்டாம். ஒரு ஆய்வுக் கணக்குப்படி 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியில் இறந்திருக்கிறார்கள். ரப்பர் தோட்டமும் புதரும் சூழ்ந்த ஊரில் பாம்பு கடித்தால் பாம்பைத்தான் சந்தேகப்படுவார்கள். குற்றவாளி நம்பியதும் அதைத்தான்.

பிப்ரவரி கடைசியில் அதே கணவர் வீட்டு மாடிப்படியில் உத்ரா ஒரு பாம்பைப் பார்த்து அலறியிருக்கிறார். கணவர் வந்து சாதாரணமாகப் பிடித்துச் சாக்கில் போட்டு எடுத்துப் போனார். தனித்தனியாகப் பார்த்தால் இதில் ஒன்றும் இல்லை. மகள் இறந்த பிறகு, மாடிப்படி, விரியன், நல்ல பாம்பு, காணாமல் போன நகை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இயற்கைக்கு மாறான மரணம் என்று முடிந்திருக்க வேண்டிய வழக்கை எஸ்.பி. வரை கொண்டுபோய் நிறுத்தியவர்கள் அந்தப் பெற்றோர்தான்.

எங்க வீட்டுப் பொண்ணு விஷயத்துல இப்படிச் சந்தேகம் வந்தா என்ன பண்ணணும்?

உயிரோடு இருக்கும்போதே சந்தேகம் என்றால் காத்திருக்க வேண்டாம். பெண்ணை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். பெண்கள் உதவி எண் 181-க்கோ அவசர உதவி எண் 112-க்கோ கூப்பிடுங்கள். கொடுத்த நகைக்கும் பணத்துக்கும் பில், போட்டோ, வங்கிப் பதிவு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு உங்களிடமே வைத்திருங்கள். லாக்கர் யார் பெயரில் இருக்கிறது, யார் திறக்கிறார்கள் என்பதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

சாவு நடந்துவிட்டால், கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் நடந்தாக வேண்டும். 'பாம்புக் கடிதானே, எதுக்கு உடம்பை அறுக்கணும்' என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். புகாரை எழுதிக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பாம்பை அடித்திருந்தால் எங்கே புதைத்தோம் என்று அடையாளம் வையுங்கள். பிரேதப் பரிசோதனையின்போது காயங்களை அளந்து குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். உத்ராவின் கையில் இருந்த 2.3-ம் 2.8-ம் அப்படிக் குறித்து வைத்த எண்கள்தான்.